சைக்கோசிஸ் ஆரம்பச் சேவை உண்மையில் வேலை செய்கிறதா? திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு அம்மா ஷொப்பிங் பை ஒன்றைப் பாயில் கொட்டினார். மகனின் கிளினிக் கொப்பி, இரண்டு தனியார் டாக்டர்களின் மருந்துத் துண்டுகள், கோயில் அர்ச்சனைச் சீட்டுகள், கறுப்பு நூல் சுற்றிய ஒரு தகட்டுக்கூடு, ஓ எல் பெறுபேற்றுத் தாள் எல்லாம் வந்து விழுந்தன. கொப்பியில் முதல் பதிவு 2021 ஓகஸ்ட். "வருத்தம் தொடங்கினது எப்ப அம்மா?" என்று கேட்டேன். "புரவிப் புயல் வந்த கிழமை, சாப்பாட்டில ஆரோ நஞ்சு போட்டுட்டாங்க எண்டு கோப்பையைத் தள்ளி வச்சவன். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது" என்றார்.

புரவிப் புயல் வந்தது 2020 டிசம்பர் முதல் வாரம். ஆக, கிளினிக் 'புதிய நோயாளி' என்று எழுதிக்கொண்ட அன்று அந்தப் பையன் எட்டு மாதமாகப் பயத்தோடு வாழ்ந்திருக்கிறான். அந்த எட்டு மாதம் எந்த மாதாந்த அறிக்கையிலும் வராது. நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் ஏறக்குறைய இதுதான்: ஒரு ஆரம்பகாலச் சேவையை மதிப்பிட வேண்டுமென்றால், வந்தவர்களை எண்ணுவதில் பாதி நேரம் போதும், மிச்ச நேரம் வருவதற்கு முன் கழிந்த காலத்தையும் வராமல் போனவர்களையும் தேட வேண்டும்.

மனநலப் பிரிவில் வேலை செய்பவர்கள், தொண்டு நிறுவனத்தில் 'மதிப்பீடு செய்து தா' என்று மாட்டிவிடப்பட்டவர்கள், ஆய்வு எழுதும் மாணவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அப்படி மாட்டிக்கொண்ட ஆள்தான்.

முதலில், எதை மதிப்பிடுகிறோம்?

சைக்கோசிஸ் என்கிற உளமாய நோயில், மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு தொடர்பற்றுப் போவது போன்றவை வரும். பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்கும், அதாவது ஏ எல், முதல் வேலை, கலியாணப் பேச்சு எல்லாம் வரிசையாக நிற்கிற வயது. நோய் தொடங்கியதும் சீக்கிரம் பிடித்து, முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு மருந்து, குடும்பத்தோடு கதைப்பது, உளச்சிகிச்சை, படிப்புக்கும் வேலைக்கும் உதவி எல்லாவற்றையும் ஒரே குழு செறிவாகக் கொடுப்பதுதான் ஆரம்பகாலத் தலையீடு. மெல்பேர்ணில் 1992இல் பற்றிக் மக்கோரி குழுவினர் தொடங்கிய எப்பிக் சேவை இதற்குப் பெயர்போன முன்மாதிரி.

இது பயன் தருமா என்ற கேள்விக்கு உலகம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. 2018இல் 10 சோதனைகளை, 2,176 பேரின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, சேவையில் இருக்கும் காலத்தில் அறிகுறி, மருத்துவமனை அனுமதி, சேவையை விட்டு விலகுவது, வேலை, படிப்பு எல்லாவற்றிலும் வழமையான சிகிச்சையைவிட நல்ல பலன் தெரிந்தது. அதை நீங்கள் திரும்ப நிரூபிக்கத் தேவையில்லை. உங்கள் கேள்வி சின்னது, ஆனால் கடினமானது: *இங்கே*, கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் சம்பூரிலும் இருக்கிற ஆக்களுக்கு, *இந்தச்* சேவை போய்ச் சேருகிறதா, சேர்ந்தால் அது உண்மையிலேயே அந்தச் சேவைதானா, அதனால் அவர்கள் வாழ்க்கை நகர்கிறதா?

கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, மனநல மருத்துவர், மிஸ்ஸி (தாதி), ஒரு குடும்பம், பணம் தருபவர் நாலு பேருக்கும் காட்டிவிடுங்கள். நாலு பேரும் நாலு விதமான பதிலை எதிர்பார்ப்பார்கள். அந்தச் சண்டையை ஆரம்பத்திலேயே போட்டு முடிப்பது நல்லது.

பாதையை நடந்து பாருங்கள்

அடுத்து, மேசையில் இருந்து படம் கீறாமல், பத்துக் குடும்பங்களிடம் போய் "முதலில் யாரிடம் போனீர்கள், அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பாதைகள் கிட்டத்தட்ட இப்படித்தான்: கோயிலில் நூல் கட்டுவது, அல்லது லெப்பையிடம் ஓதிப் பார்ப்பது, செய்வினையென்று யாரோ சொல்ல, அதை எடுக்க வேறொருவர், தலையிடி, நித்திரையில்லை என்று தனியார் டாக்டர், பிறகு ஒருநாள் இரவு கலவரமாகி 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ். பொலிஸ் வழியாக வந்தவர்களும் உண்டு.

இங்கே பூசாரியையோ லெப்பையையோ குற்றவாளியாக எழுதிவிடாதீர்கள். ஒரு ஓதுபவர் எங்களிடம் சொன்னார், மூன்று தடவை ஓதியும் நித்திரை வராத பிள்ளையைத் தானே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதாக. அவர் அனுப்பியவர்கள் அறிக்கையில் 'சுயமாக வந்தவர்கள்' என்று பதிவாகியிருந்தார்கள். யார் அனுப்பினார்கள் என்ற ஒரு கட்டத்தைப் பதிவுத்தாளில் சேர்த்தால் போதும், யாரோடு கைகோக்க வேண்டும் என்பது ஆறு மாதத்தில் தானாகத் தெரியும்.

எத்தனை பேர் வந்திருக்க வேண்டும்?

இதுதான் ஆக்கள் தாண்டிப்போகிற இடம். நானும் தாண்டிப் போனேன். முதல் வரைவில் 'கிளினிக் வருகை மிகச் சிறப்பு' என்று எழுதினேன், வருகிறவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்றுதான் எண்ணியிருக்கிறேன் என்பது ஒரு மிஸ்ஸி சிரித்த பிறகே உறைத்தது.

கரடுமுரடான ஒரு கணக்குப் போடுவோம். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தோர் 1 இலட்சம் பேருக்கு வருடத்தில் 20 முதல் 30 பேர் அளவில் புதிதாக சைக்கோசிஸ் வரும் என்று வைத்துக்கொள்ளலாம், இடத்துக்கு இடம் இது நன்றாகவே மாறும். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர், அதன் பிறகு கூடியிருக்கிறது. சிறுவரையும் முதியோரையும் கழித்தால் இரண்டேகால் இலட்சத்துக்குக் குறையாது. அப்படியானால் வருடத்துக்கு 45 முதல் 70 புதிய ஆட்கள். ரெஜிஸ்டரில் 18 பேர்தான் புதிதாக இருக்கிறார்கள் என்றால், மிச்சப் பேர் எங்கே? கொழும்புக்குப் போனார்களா, தனியாரிடமா, அறைக்குள்ளேயா?

பிறகு அந்த 18 பேரையும் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பிரியுங்கள். பட்டணமும் சூழலும் நிறைந்து, வெருகல், சேருவில, பதவிசிறிபுர பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கம் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பஸ் இல்லை என்றுதான் அர்த்தம். பெண்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். வீட்டுக்குள் அமைதியாக ஒடுங்கிப்போன பெண் பிள்ளையை யாரும் அவசரமாகக் கொண்டுவருவதில்லை, கலியாணம் பேசுகிற நேரத்தில் இன்னும் மறைப்பார்கள்.

சிகிச்சையில்லாமல் கழிந்த காலம்

முதல் தெளிவான அறிகுறியிலிருந்து முறையான மருந்து தொடங்கும் வரை உள்ள காலம். ஆராய்ச்சியில் இதை டி.யூ.பி. என்பார்கள். ஆரம்பச் சேவை ஒன்றுக்கு இதைவிட நேரடியான அளவுகோல் கிடையாது, ஆனால் அளப்பது பெரிய சள்ளை.

முதலில் வரையறையை எழுத்தில் பூட்டுங்கள். எப்போது தொடங்கியது? நித்திரை குழம்பியதையா, நண்பர்களை விட்டு ஒதுங்கியதையா, குரல் கேட்டதையா எடுப்பீர்கள்? வழமையாக, முதல் தெளிவான மாயத்தோற்றமோ தவறான நம்பிக்கையோ ஒரு கிழமையாவது நீடித்த திகதியை எடுப்பார்கள், அதற்கு முந்திய மங்கலான காலத்தைத் தனியாகக் குறிப்பார்கள். முடிவுத் திகதியிலும் கவனம் வேண்டும். தனியார் டாக்டர் தந்த நித்திரைக் குளிசை சிகிச்சையில் சேராது.

அப்புறம் திகதி. "எத்தனையாம் மாதம்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. நாங்கள் ஒரு நீளமான தாளில் கோடு கீறி, அதில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020 மார்ச் ஊரடங்கு, புரவிப் புயல், 2022 பெற்றோல் கியூ, ஒவ்வொரு வருட ஓ எல், நோன்பு, ஆடி அமாவாசைத் தீர்த்தம், வெள்ளாமை வெட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனோம். தாளை விரித்து வைத்து, "பெற்றோலுக்கு நிண்ட நேரம் பிள்ளை நல்லா இருந்தவனா?" என்று கேட்டால் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து வாதாடி ஒரு மாதத்தைப் பிடித்துத் தருவார்கள். பிள்ளையிடம் தனியாகவும் கேளுங்கள், அவன் சொல்லும் தொடக்கம் அம்மா சொல்வதற்கு முந்தியதாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

கணக்குப் போடும்போது சராசரியை நம்பாதீர்கள். ஐந்து பேர் 3, 6, 10, 14, 260 வாரங்கள் காத்திருந்தார்கள் என்றால் சராசரி 58 வாரத்துக்கு மேல் போய்விடும், இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற எண்) 10தான். ஒற்றை ஆள் முழுப் படத்தையும் இழுத்துவிடுவார். இடையத்தைப் போடுங்கள், ஆனால் அந்த 260 வாரத்து ஆளின் கதையைத் தனியாக எழுதுங்கள், சேவையின் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

இன்னொரு பொறி. விழிப்புணர்வு வேலை தொடங்கியதும் டி.யூ.பி. சில காலம் *கூடலாம்*. வருடக்கணக்கில் அறைக்குள் இருந்தவர்களும் அப்போதுதான் வெளியே வருவார்கள். முதல் வருட எண்ணைப் பார்த்துவிட்டு 'திட்டம் தோல்வி' என்று எழுதிவிடாமல், நோய் எப்போது தொடங்கியது என்ற வருடம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நோர்வேயில் டிப்ஸ் என்ற திட்டம் பத்திரிகை விளம்பரம், பாடசாலைப் பயிற்சி, கூப்பிட்டால் உடனே வருகிற குழு என்று இறங்கியபோது 26 வாரமாக இருந்த இடையம் 5 வாரத்துக்கு விழுந்தது. பிரசாரத்தை நிறுத்தியதும் 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. ஒரு வருடத் திட்டம் எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைத்தான் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும்.

பலகையில் எழுதியிருப்பது உள்ளே நடக்கிறதா?

வாசலில் 'ஆரம்பகாலச் சேவை' என்று பலகை இருக்கும், உள்ளே ஐந்து நிமிடத்தில் மருந்துத் துண்டு மட்டும் எழுதப்படும். இதைப் பிடிக்க, முதல் எபிசோட் (நோய் முதல்தடவை வருவது) சேவைகளுக்கென்றே செய்த, மாதிரியை எவ்வளவு பின்பற்றுகிறார்கள் என்று பார்க்கும் அளவுகோல்கள் உண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட அம்சங்களுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். அதை அப்படியே இங்கே இறக்கினால் எல்லாவற்றிலும் 1 வாங்கி எல்லோரும் மனமுடைந்து போவோம். இங்கிலாந்தின் வழிகாட்டலில் ஒரு பராமரிப்பாளருக்கு 15 பேர் என்று போட்டிருந்தார்கள், இங்கே அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னால் மிஸ்ஸிமார் மறுபடியும் சிரிப்பார்கள்.

ஆகவே அளவைக் குறையுங்கள், கேள்வியைக் கூர்மையாக்குங்கள். என் பார்வையில் தவிர்க்க முடியாதவை இவை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா (நோயாளியிடம் கேளுங்கள், ரெஜிஸ்டரிடம் கேட்காதீர்கள்)? முதல் மாதத்தில் குடும்பத்தோடு யாராவது உட்கார்ந்து கதைத்தார்களா? மருந்து குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்பட்டதா? நிறை, இடுப்பளவு, வெறும்வயிற்றுச் சீனி பார்த்தார்களா? ஒலான்சபின் என்ற சைக்கோசிஸ் மருந்து எடுக்கும் இருபது வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் ஊதிப்போய் மருந்தை விடுவது அடிக்கடி நடப்பது, நிறை எழுதாத கொப்பியில் அந்தக் காரணம் தெரியவே தெரியாது. படிப்பு, வேலை பற்றி யாராவது ஒரு தடவையாவது கேட்டார்களா? தமிழ் பேசுபவருக்குத் தமிழிலும் சிங்களம் பேசுபவருக்குச் சிங்களத்திலும் கதைக்க ஆள் இருந்ததா, அல்லது பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்த்தாரா?

அப்புறம் எனக்கு மிகப் பிடித்த கேள்வி: ஒருவர் கிளினிக் நாளைத் தவறவிட்டால், எத்தனையாவது நாள், யார், எந்த நம்பரில் இருந்து கூப்பிடுகிறார்? இதற்கு உடனே பதில் வந்தால் சேவை உயிரோடு இருக்கிறது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தால் சரி, விளங்கிக்கொள்ளலாம்.

இருபது கொப்பிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து இந்தக் கேள்விகளைப் பாருங்கள். அவர்களாகத் தெரிந்து தரும் இருபதை வாங்காதீர்கள்.

குணம் என்றால் என்ன?

அறிகுறிகளை அளக்க பான்ஸ் அளவுகோல் பிரபலம். 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7, ஆகக் குறைந்தது 30, கூடியது 210. பயிற்சி இல்லாமல் போட்டால் இரண்டு பேர் ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகப் போடுவார்கள். 2005இல் முன்வைக்கப்பட்ட வரையறைப்படி, அதில் 8 முக்கிய அம்சங்கள் 3 அல்லது அதற்குக் கீழே ஆறு மாதம் நின்றால் 'தணிவு' எனலாம். பயிற்சி பெற்ற ஆள் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் மருத்துவரின் எளிய மதிப்பீட்டோடு நின்று, மிச்சச் சக்தியை அன்றாட வாழ்க்கையை அளப்பதில் போடுங்கள், அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 12 கேள்விப் பட்டியல் போதும்.

எந்தக் கேள்வித்தாளையும் கொண்டுபோகும் முன் நாலு வீட்டில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். "தனியா இருக்கேக்க குரல் கேட்குதா?" என்று நான் கேட்டதற்கு ஒரு தம்பி "ஓம், விடிய நாலரைக்கு" என்றான். நான் மும்முரமாக எழுத, அவனுடைய அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கோயில் லவுட்ஸ்பீக்கரைக் காட்டினா. அதேபோல 'சந்தேகம்', 'பயம்' எல்லாம் யுத்தம் பார்த்த ஊரில் அப்பாவித்தனமான சொற்கள் அல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்தில் "யாராவது உங்களைக் கண்காணிப்பதாக நினைக்கிறீர்களா?" என்று கேட்டால், ஓம் என்பது நோய் அல்ல, அனுபவம்.

குடும்பங்களிடம் 'பிள்ளை சுகமாகிட்டான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?' என்று கேட்டு, வரும் பதில்களையே அளவுகோலாக்குங்கள். எங்களுக்கு வந்தவை: எல்லோரோடும் இருந்து சாப்பிடுகிறான், கடைக்குத் தனியே போகிறாள், மாமாவோடு கடலுக்குப் போகிறான், டியூசனுக்குத் திரும்பிவிட்டாள். ஆறு மாதத்துக்கொருமுறை இந்த நாலையும் ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டு வந்தாலே வார்டு அனுமதி எண்ணிக்கையைவிட அதிகம் தெரியும்.

கைநழுவியவர்கள்

மூன்று மாதமாக வராமல், தேடியும் கிடைக்காமல் போனால் 'விலகியவர்' என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தேடுங்கள், பாதிப் பேர் கிடைத்தாலும் பெரிய விசயம். வெளிநாடு போனவர், கொழும்பில் கடையில் நிற்பவர், சுகமாகி மருந்தை விட்டவர், இறந்துபோனவர், இவர்களை ஒரே பெட்டியில் போடுவது அநியாயம். நோன்பு மாதத்தில் பகல் மருந்தை விட்டு, பிறகு திரும்பத் தொடங்காதவர்களும் இருக்கிறார்கள், இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம் என யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள், சிகிச்சை இலவசம்தான், கிளினிக்குக்குப் போய்வருவது இலவசமில்லை.

நமக்கு ஒரு பலம் இருக்கிறது, அதையும் எழுதுங்கள். சென்னையையும் மொன்றியலையும் ஒரே மாதிரி ஆரம்பச் சேவைகளோடு ஒப்பிட்ட ஆய்வில், சென்னையில் குடும்பங்கள் கூடவே நின்றன, இரண்டு வருடத்தில் விலகியவர்களும் அங்கே குறைவு. குடும்பம் வராத நோயாளி யார் என்று பார்த்தால், அடுத்து யாரைத் தவறவிடப் போகிறீர்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒப்பிடுவதும் நேர்மையும்

முதல் எபிசோடில் மிக மோசமான நாளில்தான் ஆள் வருவார். எந்தச் சேவை கொடுத்தாலும் மூன்று மாதத்தில் ஓரளவு தேறுவார். 'முன்பு, பின்பு' என்று இரண்டு எண் போட்டு வெற்றி கொண்டாடினால் அது சேவையின் வெற்றியா நோயின் இயல்பா தெரியாது. குலுக்கல் முறைச் சோதனை நமக்குச் சாத்தியமில்லை, ஆனால் சேவையை எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்காமல் முதலில் கிண்ணியா, ஆறு மாதம் கழித்து மூதூர், பிறகு கந்தளாய் என்று தொடங்கினால், காத்திருக்கும் இடமே ஒப்பீட்டுக்கு ஆகும். எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது சதவீதம் போடாதீர்கள். '12 பேரில் 5 பேர்' என்று எழுதுங்கள், '41.7%' என்றால் ஏதோ பெரிய ஆய்வு மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடும்.

இரண்டு வருடத்தோடு நிறுத்தவும் வேண்டாம். டென்மார்க்கின் ஓபஸ் சோதனையில் 547 பேர், இரண்டு வருடம் தெளிவான பலன், ஐந்தாம் வருடத்தில் அறிகுறிகளில் இருந்த முன்னிலை மறைந்துபோனது. அமெரிக்காவின் ரெய்ஸ் சோதனையில் 404 பேர், அங்கே இடைய டி.யூ.பி. 74 வாரம், அதைவிடச் சீக்கிரம் வந்தவர்களுக்கே பலன் அதிகம். பொதுக் கிளினிக்குக்கு மாற்றிய பிறகு என்ன நடந்தது என்று பார்க்க ஒரு வருடத்துக்கான தொலைபேசிக் காசையாவது ஒதுக்குங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்

நெறிமுறைக் குழு அனுமதி, எழுத்தில் சம்மதம் எல்லாம் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று: பெயர் எழுதிய வாகனத்தில் போகாதீர்கள். சின்ன ஊர், ஜீப் நின்ற ஒழுங்கையில் ஒரு மணித்தியாலத்துக்குள் 'அந்த வீட்டில் விசர்' என்ற கதை கடைசி வீடுவரை போய்விடும், அடுத்த மாதம் தங்கச்சியின் கலியாணப் பேச்சு நின்றுவிடும். மோட்டார்சைக்கிளில் போங்கள், அல்லது அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போங்கள். நேர்காணலில் யாராவது சாக நினைப்பதாகச் சொன்னால் அந்த நிமிடமே கேள்வித்தாளை மூடிவிட்டு, யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கொண்டுபோவது என்பது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் உங்கள் போனிலும் அந்தக் குடும்பத்தின் போனிலும் பதிந்திருக்கட்டும்.

அறிக்கை

அமைச்சுக்கு ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் போகட்டும். இங்கே தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம் போதும்: எத்தனை பேர் வந்திருக்க வேண்டும், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு காலம் காத்திருந்தார்கள், எத்தனை பேர் கைநழுவினார்கள், அடுத்த ஆறு மாதத்தில் எதை மாற்றுகிறோம்.

எங்கள் இரண்டு பக்கத்தை முதலில் காட்டியது ஒரு கூட்டத்தில், குடும்பநல மருத்துவமாதுக்களுக்கு. வரைபடம், இடையம் எல்லாம் அழகாகப் போட்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "சரி தம்பி, நாளைக்கு என்ர ஏரியாவில இப்பிடி ஒரு பிள்ளையைக் கண்டா நான் ஆருக்குக் கோல் எடுக்கிற?" அந்த நம்பர் எங்கள் அறிக்கையில் எங்கேயும் இல்லை. அடுத்த பிரதியில் அதை முதல் வரியாகப் போட்டோம்.